அம்மப்பா மேடையில் பேசியது எதைப் பற்றி?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மப்பா 1946இல் மட்டக்களப்பிலிருந்து ரயில் ஏறிக் கொழும்புக்குப் போய், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்தவர். அங்கே மாணவர் சங்க மேடையில் ‘தனிச் சிங்களத்துக்கு’, அதாவது சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற கொள்கைக்கு, எதிராக அவர் பேசினார் என்று வீட்டில் ஒரு கதை இருக்கிறது. அது நடந்திருக்குமா, இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு வந்த அந்த வருடங்களில் நம் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே என்னதான் பேசினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. பின்னால் வரப்போவதை அவர்கள் கண்டார்களா, கண்டும் சும்மா இருந்துவிட்டார்களா என்பதுதான் அது.

நான் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவன். கல்லடியிலும் கல்முனையிலுமாக 31 வருடம் உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு காலம் போனது. என் பெரியப்பா உங்கள் அம்மப்பாவுக்கு ஒரு வருடம் பிந்தி, 1947இல் அதே பல்கலைக்கழகத்துக்குப் போனவர். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதக் கட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. தொண்ணூறுகளில் அவரைச் சாய்மனைக் கதிரையில் இருத்திவைத்து மூன்று ஒலிநாடாக்களில் பேச்சையும் பதிந்திருக்கிறேன். ஆகவே கீழே சொல்வதில் சட்டம், தேதி, சபை விவாதம் எல்லாம் ஆவணத்தில் உள்ளவை. விடுதிக் கதைகள் ஒரு மனிதரின் கடிதமும் ஞாபகமும். ஒரு ஆளை வைத்து ஒரு தலைமுறையை அளக்க ஒண்ணாது, அதையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் உறுதியானதைச் சொல்கிறேன். 1946க்கும் 1950க்கும் இடையில் ‘தனிச் சிங்களம்’ என்பது எந்தப் பெரிய கட்சியின் கொள்கையாகவும் இருக்கவில்லை. எதிர்த்துப் பேசுவதற்கு அந்தப் பெயரில் ஒரு பொருளே அன்று மேடையில் இல்லை. 1944 மே மாதத்தில் ஜே. ஆர். ஜயவர்தன அன்றைய சட்டசபையான அரசுக்கழகத்தில் ஒரு பிரேரணை கொண்டுவந்தார். குறிப்பிட்ட காலத்துக்குள் ஆங்கிலத்தின் இடத்துக்குச் சிங்களம் வரவேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு ‘தமிழும்’ என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? திருகோணமலை–மட்டக்களப்பு உறுப்பினர் வி. நல்லையா. நம் ஊர்க்காரர்கள் நல்லையா மாஸ்டர் என்று சொல்வார்களே, அவர்தான். திருத்தத்தோடு பிரேரணை நிறைவேறியது. ஆக, அன்றைக்கு ஏட்டில் இருந்தது இரண்டு மொழியும்தான். 1951இல் பண்டாரநாயக்க சிறீ லங்கா சுதந்திரக் கட்சியைத் தொடங்கியபோதும் அந்தக் கட்சி இரண்டு மொழியையும்தான் சொன்னது. 1954இல் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல யாழ்ப்பாணத்தில் வைத்து இரு மொழிக்கும் சம இடம் தருவதாகச் சொல்லப்போக, தெற்கில் கிளம்பிய எதிர்ப்புக்குப் பிறகுதான் காற்று திசை மாறியது. அடுத்த ஒன்றிரண்டு வருடத்துக்குள் இரண்டு பெரிய கட்சிகளும் போட்டி போட்டுக்கொண்டு ஒரு மொழிக்கு வந்து நின்றன. 1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டம் வந்தது.

அப்படியென்றால் உங்கள் அம்மப்பா பேசவே இல்லையா? அப்படி நான் சொல்லவில்லை. மொழி பற்றி அவர் பேசியிருக்கலாம். ஜயவர்தனவின் பிரேரணையை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1946இல்தான் வந்தது. அவர் பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைத்த வருடமும் அதுவே. மாணவர் சங்கத்தில் அது விவாதப் பொருளாகியிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த விவாதம் சிங்களமா தமிழா என்பதல்ல. ஆங்கிலத்தை எடுத்துவிட்டு நம் மொழிகளை வைக்கலாமா, வைத்தால் விஞ்ஞானம் என்னாகும், உத்தியோகம் என்னாகும் என்பதுதான். இந்த விவாதத்தில் உங்கள் அம்மப்பா எந்தப் பக்கம் நின்றார் என்பதை நான் அவ்வளவு நிச்சயமாக ஊகிக்கமாட்டேன். ஆங்கிலம் படித்துத்தான் அவர் அங்கே போய்ச் சேர்ந்தார். அவருக்கு உத்தியோகம் தரப்போவதும் அதே ஆங்கிலம்தான். ‘ஆங்கிலம் இருக்கட்டும்’ என்று அவர் பேசியிருந்தால், பிற்காலத்தில் வீட்டில் அது தனிச் சிங்களத்துக்கு எதிரான பேச்சாக மாறியிருப்பது இயல்பு. இது என் ஊகம்தான். ஆனால் இப்படி உருமாறிய கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பல்கலைக்கழகம் எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தால் இது இன்னும் விளங்கும். 1942 ஜூலை முதலாம் தேதி, பழைய பல்கலைக்கழகக் கல்லூரியையும் மருத்துவக் கல்லூரியையும் ஒன்றாக்கி அதைத் தொடங்கினார்கள். தொடங்கும்போது மொத்த மாணவர் தொகை ஆயிரத்தைத் தொடவில்லை. முழு நாட்டுக்கும் அது ஒன்றுதான். இன்று ஒரு பீடத்தின் முதலாம் வருடத்தைச் சேர்த்தாலே அதைவிடக் கூட்டம் வரும். மட்டக்களப்பிலிருந்து போனவர்களை எண்ணக் கைவிரலே போதும் என்று பெரியப்பா சொல்வார். படிப்பு, பரீட்சை, விவாதம், சாப்பாட்டு மேசைக் கதை எல்லாம் ஆங்கிலத்தில். பெரியப்பாவின் கடிதங்களைப் பார்த்தால் தகப்பனுக்கு எழுதியது ஆங்கிலத்தில் இருக்கும், தாய்க்கு எழுதியது தமிழில் இருக்கும். தகப்பனுக்குக் காசு கேட்டு, தாய்க்குச் சுகம் கேட்டு. ஒரே உறைக்குள் இரண்டு மொழி, இரண்டு மகன்.

ரயில் பயணமும் கடிதங்களில் நிறைய வரும். பின்னேரம் மட்டக்களப்பில் ஏறினால் விடியக் கோட்டை நிலையம். நடுவில் கல்லோயாச் சந்தி என்று ஒரு நிலையம் வரும். அதைக் கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டத்தோடு குழப்பிக்கொள்ளும் பிள்ளைகள் என் வகுப்பில் வருடம் தவறாமல் இருந்தார்கள். அது திருகோணமலைப் பாதை பிரிகிற இடம். திட்டம் நடந்தது தெற்கே இங்கினியாகலையில். கல்லோயாவுக்கு வருகிறேன், அதுதான் இந்தப் பதிலின் முக்கியமான இடம்.

நாட்டின் அரசியலமைப்பு விவாதம் மாணவர்களுக்கு எவ்வளவு கிட்ட இருந்தது, எவ்வளவு எட்ட இருந்தது என்பதைச் சொல்ல ஒரு விஷயம் போதும். உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் ஒரு சட்ட நிபுணர். டி. எஸ். சேனநாயக்க அரசியலமைப்பு வரைவைத் தயாரித்தபோது அவருக்குப் பின்னால் இருந்த மூளை இவர்தான். 1944 கடைசியில் அரசியலமைப்பை ஆராயப் பிரித்தானியா அனுப்பிய சோல்பரி ஆணைக்குழு வந்தது, ஜி. ஜி. பொன்னம்பலம் அதன் முன்னால் சிங்களவருக்குப் பாதி ஆசனம், சிறுபான்மையினர் எல்லாருக்குமாகப் பாதி என்று ஐம்பதுக்கு ஐம்பது கேட்டார், 1946இல் அரசியலமைப்பு வந்தது. பிள்ளைகள் சங்க மண்டபத்தில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பாராளுமன்றம் மாதிரி விவாதம் நடத்தினார்கள். உண்மையான பாராளுமன்றத்துக்கான எழுத்து வேலையில் அவர்களுடைய உபவேந்தரே கைவைத்திருந்தார். பெரியப்பாவுக்கு இது படிக்கும் காலத்தில் தெரியாது. பிற்காலத்தில் தெரிந்தபோது, “எங்களுக்கு விளையாட்டுப் பாராளுமன்றத்தைத் தந்துபோட்டு மனிசன் மற்றதை எழுதியிருக்கிறார்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒலிநாடாவில் இருக்கிறது.

சரி, கடிதங்களில் என்னதான் இருக்கிறது? அதிகம் இருப்பது இடதுசாரி அரசியல். சமசமாசக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அந்தக் காலத்துப் படித்த இளைஞரை இழுத்த மாதிரி வேறெதுவும் இழுக்கவில்லை. பெரியப்பா உள்ளே போன வருடம்தான் பொது வேலைநிறுத்தம். 1947 ஜூன் 5ஆம் தேதி கொழும்பில் ஊர்வலத்தின் மீது பொலிசார் சுட்டதில் கந்தசாமி என்ற அரசாங்க எழுதுவினைஞர் இறந்துபோனார். ஒரு தமிழ் உத்தியோகத்தர், பெரும்பாலும் சிங்களத் தொழிலாளர் நடத்திய போராட்டத்தின் உயிர்ப்பலி. இனம் பற்றிய பேச்சு பழைய தலைமுறையின் வியாதி, வர்க்கம்தான் நம் காலத்தின் விஷயம் என்று அன்றைய பிள்ளைகள் நம்பியதற்கு இந்த மாதிரிச் சம்பவங்கள் காரணம். அதைக் குருட்டுத்தனம் என்று இன்று சொல்வது சுலபம். அவர்கள் கண்ணுக்கு முன்னால் இருந்த சாட்சியை வைத்துத்தான் அவர்கள் முடிவெடுத்தார்கள்.

1948 பெப்ரவரிச் சுதந்திரத்துக்குக் கடிதத்தில் ஒரு வரி. அதற்கு அடுத்த பந்தி முழுக்கச் சப்பாத்து. அந்த வருடக் கடைசியில் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டம் பற்றி ஒரு கடிதம் கொஞ்சம் நீளமாக இருக்கிறது. அதிலும் இடதுசாரிகளின் வாதத்தைத்தான் அவர் திருப்பிச் சொல்கிறார். தமிழன் என்ற முறையில் அது தனக்கும் வரும் என்ற பயம் அதில் இல்லை.

விபுலானந்த அடிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காரைதீவில் பிறந்த அவர் 1943 முதல் இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். 1947 ஜூனில் தமிழ்நாட்டில் தன் தமிழிசை ஆய்வான யாழ்நூலை அரங்கேற்றிவிட்டு வந்து, ஜூலை 19ஆம் தேதி கொழும்பில் காலமானார். சமாதி கல்லடி உப்போடையில், அவரே வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவில். உங்கள் அம்மப்பாவுக்கு அவரோடு ஒரு வருடம் கிடைத்திருக்கும், பெரியப்பாவுக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஆங்கிலம் பேசிய அந்த வளவில் மட்டக்களப்புத் தமிழுக்கு ஒரு மதிப்பு இருந்ததென்றால் அது அடிகளால் வந்தது.

இனி கல்லோயா. நம் பக்கத்தில் அது பட்டிப்பளை ஆறு. யுத்த காலத்தில் நமக்கு மிகக் கிட்ட நடந்த பெரிய சம்பவம் 1942 ஏப்ரல் 9ஆம் தேதி கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை யப்பான் விமானங்கள் மூழ்கடித்தது. அது இன்றும் கடலடியில் கிடக்கிறது, சுழியோடிகள் போய்ப் பார்க்கிறார்கள். யுத்தம் முடிந்தபின் கிட்ட வந்தவை வேறு. ஒன்று டிடிரி (DDT) என்ற நுளம்பு மருந்து. 1946இலிருந்து வீடுவீடாக அடித்தார்கள், மலேரியா இறங்கியது. மலேரியா காவல் காத்த காடுகளில் ஆட்களைக் கொண்டுபோய் இருத்த முடியும் என்ற நிலை அதற்குப் பிறகுதான் வந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபைக்குச் சட்டம் வந்தது. இங்கினியாகலையில் மொரிசன் நூட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி அணை கட்டியது. குடியேற்றப்பட்டவர்களில் பெரும்பான்மை சிங்கள மக்கள். தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கும் சில குடியேற்றங்கள் கிடைத்தன. 1956 ஜூனில், மொழிச் சட்டம் வந்த அதே கிழமைகளில், அங்கே நடந்த வன்செயலில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிந்து அம்பாறை மாவட்டமானது.

ஒலிநாடாவில் பெரியப்பா உறுதியாகச் சொல்கிறார்: “கல்லோயாவை நாங்கள் அப்பவே எதிர்த்தநாங்கள்.” நான் அதை நம்பி வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். மறுகா கடிதக் கட்டை ஒழுங்குபடுத்தும்போது 1950 விடுமுறையில் அவர் தம்பிக்கு, அதாவது என் தகப்பனுக்கு, எழுதிய ஒரு கடிதம் அகப்பட்டது. சிநேகிதர்களோடு லொறியில் ஏறி அணைக்கட்டு வேலை பார்க்கப் போயிருக்கிறார். மண் அள்ளும் யந்திரத்தின் சில்லு தன் உயரத்துக்கு மேல் இருந்ததாம். இரவிலும் வெளிச்சம் போட்டு வேலை நடந்ததாம். இரண்டு பக்கம் முழுக்க வியப்பு. யார் குடியேறப் போகிறார்கள் என்று ஒரு சொல் இல்லை.

அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. 56க்குப் பிறகு அந்த அணையை வேறு கண்ணால் பார்க்கத்தான் அவரால் முடிந்தது. புதிய கண் பழைய ஞாபகத்தையும் திருத்தி எழுதிவிட்டது. ஊரில் வயதானவர்களிடம் கேட்டபோதும் இதே மாதிரித்தான். சம்மாந்துறைப் பக்கத்திலும் அக்கரைப்பற்றுப் பக்கத்திலும் போடிமார், அதாவது பெரிய வயல்காரர், பலர் வயலுக்குத் தண்ணீர் வரும், வெள்ளம் அடங்கும் என்று ஆரம்பத்தில் மகிழ்ந்ததாகச் சிலர் சொன்னார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அரச உதவியோடு நடக்கும் குடியேற்றத்தை ஒரு கட்சி நேரடியாகக் கையிலெடுத்தது, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தொடங்கிய பிறகுதான். 1951இல் திருகோணமலையில் கூடிய அதன் முதல் மாநாட்டில் அது பெரிய விஷயமாக இருந்தது. ஆனால் மட்டக்களப்புத் தொகுதி 1947இல் ஐக்கிய தேசியக் கட்சியின் சின்னலெப்பையைத்தான் தெரிவு செய்தது. தமிழரசுக் கட்சி அங்கே வென்றது 1956இல், இராசதுரையோடு. அதற்கு முன் நம் பக்கத்து அரசியல் ஆளுக்கும் ஊருக்கும் செல்வாக்குக்கும் உரியது. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் மட்டும் அதைத் தாண்டி யோசித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகப் படவில்லை.

அந்த வருடங்களில் நம் பக்கத்தை உண்மையில் புரட்டிப்போட்ட விவாதம் பல்கலைக்கழகத்தில் நடக்கவே இல்லை என்பது என் எண்ணம். அது இலவசக் கல்வி. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் குழு அறிக்கை 1943இல் வந்தது, அரசுக்கழகத்தில் நீண்ட இழுபறி நடந்தது, 1945 ஒக்டோபரிலிருந்து பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை. அதோடு கிராமங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன. வந்தாறுமூலைக்கு வந்த பாடசாலையை ஊரில் நல்லையா மாஸ்டரின் பெயரோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். 1947இல் கல்குடாத் தொகுதியின் முதல் பாராளுமன்ற உறுப்பினரானவரும் அவரே. படுவான்கரையிலிருந்து தோணியில் வாவி கடந்து, விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள் அந்தப் பாடசாலைகளிலிருந்து வெளியே வந்தார்கள். உங்கள் அம்மப்பாவின் தகப்பன் காணி விற்றோ ஈடு வைத்தோ பிள்ளையைப் படிப்பித்திருப்பார். பத்து வருடம் பிந்திப் பிறந்த பிள்ளைக்கு அந்தக் கஷ்டம் பாதியாகக் குறைந்தது.

அந்தப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போன காலத்தில் கலைப்பீடம் பேராதனைக்கு மாறியிருந்தது. 1952இல் இடம் மாறினார்கள், 1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணி வந்திருந்தபோது சம்பிரதாயத் திறப்பு விழா நடந்தது. 1960 வாக்கில் கலைப்பாடங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் படிக்கும் தொகுதிகள் உள்ளே வந்தன. ஆங்கில மேசைப் பழக்கம் உடைந்தது அப்போதுதான். அங்கே படிப்பித்த சரச்சந்திர ‘மனமே’ என்ற சிங்கள நாடகத்தை அரங்கேற்றியது 1956இல். அதற்குப் பதில் சொல்வது போலத் தமிழ் படிப்பித்த வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொண்டுபோனார். 1962இல் ‘கர்ணன் போர்’, பிறகு ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’. ஊரில் களரியில் விடிய விடிய ஆடியதைப் படித்த சபை இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து பார்த்தது. அதில் ஆடியவர்களில் நம் பக்கத்து மௌனகுருவும் ஒருவர். நான் எழுபதுகளில் பேராதனைக்குப் போனபோது அந்தக் கதைகள் விடுதியில் இன்னும் சூடாக இருந்தன. நான் தமிழில் படித்தேன், தமிழில் எழுதினேன், சிங்கள மாணவனோடு கன்டீனில் அரைகுறை ஆங்கிலத்தில் பேசினேன். பெரியப்பா காலத்தில் தமிழனும் சிங்களவனும் ஒரே மொழியில் சண்டை பிடித்தார்கள். என் காலத்தில் சண்டை பிடிக்கக்கூடப் பொது மொழி இல்லை. இதில் எது நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். பெரியப்பாவின் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்கவில்லை, என்னுடையது கிடைத்தது.

வந்தாறுமூலைக் கதைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. 1981 ஓகஸ்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது அந்த மத்திய மகா வித்தியாலயத்தின் கட்டடங்களில்தான். 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. உங்கள் அம்மப்பா ஓர் இரவு முழுக்க ரயிலில் போன தூரம், செங்கலடியிலிருந்து பஸ்ஸில் சில நிமிடமாகச் சுருங்கியது.

உங்கள் வீட்டுக் கதையைச் சோதிக்க வேண்டுமென்றால், 1946ஐ விட்டுவிட்டு 1956ஐப் பாருங்கள். அந்த ஜூன் மாதத்தில் அவர் எங்கே, என்ன வேலையில் இருந்தார்? அரசாங்க உத்தியோகம் என்றால் மொழிச் சட்டம் நேராக அவர் மேசைக்கு வந்திருக்கும். உத்தியோகத்தர் சங்கங்களில் அந்த வருடம் சூடான கூட்டங்கள் நடந்தன. மேடையில் அவர் பேசியது அங்கே இருக்கலாம், மாணவர் சங்கம் பிறகு ஒட்டிக்கொண்டிருக்கலாம். வீட்டில் பழைய பெட்டி ஏதும் இருந்தால் கடிதங்களைத் தேடுங்கள். கிடைத்தால் யாருக்கு எந்த மொழியில் எழுதியிருக்கிறார் என்று முதலில் பாருங்கள். பத்திரிகையில் தேடுவதென்றால் கொழும்பில் சுவடிகள் திணைக்களத்தில் அந்த வருடத்து வீரகேசரியும் தினகரனும் பார்க்கலாம். அம்மம்மா உயிரோடு இருந்தால் அதற்கு முன் அவரிடம் ஒருதரம் கேளுங்கள், அந்தப் பேச்சின்போது தங்களுக்குக் கலியாணம் ஆகியிருந்ததா என்று.